கோபக்காரர் கையில் கரண்டி

இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகப் போட்டுக்கொள்வார்கள். ஜிப்பு முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும், முதுகுத் துணி நெஞ்சை மூடியிருக்கும். வந்த புதிதில் ஈப்போவில் ஒரு சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்குக் காத்து நின்ற ஒரு கூட்டமே இப்படி இருந்ததைப் பார்த்து, அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள் பாவம் என்று நினைத்தேன். ஊருக்கே ஒரே நாளில் அப்படி என்ன அவசரம் என்று பிறகுதான் தோன்றியது. என் கணவர் குணாவிடம் கேட்டால், காற்று நெஞ்சில் அடிக்காது, சட்டை அழுக்காகாது, இறங்கியதும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம் என்று நியாயம் சொன்னார். துறையூரில் யாராவது இப்படி வண்டி ஓட்டினால் பேருந்து நிலையத்தைத் தாண்ட விட்டிருக்கமாட்டார்கள், நிறுத்தி வைத்துச் சிரித்திருப்பார்கள். இப்போது நானும் அப்படித்தான் போட்டுக்கொள்கிறேன். மலேசியாவில் என் முதல் நேர்காணலுக்குப் போன அன்றும், கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திப் புடவைக்கு மேல் குணாவின் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, அவர் பின்னால் உட்கார்ந்துதான் போனேன்.

நேர்காணல் ஒரு பெரிய வங்கியில். பெயர் வேண்டாம். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் வங்கி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போ வட்டாரத்துக் கிளைகளில் வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுக்கிறார்கள், நிரந்தரவாசிகளும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் வந்திருந்தது. ஊரில் இருந்து படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: இங்கே குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பு ஐசி கைக்கு வரும்வரை நான் குணாவின் மனைவி என்கிற ஒரே தகுதியில் இந்த நாட்டில் இருந்தேன். கடை கண்ணிக்குப் போனால் "குணா வைஃப்", கோயிலுக்குப் போனால் "பாக்கியம் மருமக", அக்கம்பக்கத்தில் "இந்தியாக்காரி". கல்யாணமாகி வந்த இந்த ஒன்பது வருடத்தில் கலைச்செல்வி என்று என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் குடிநுழைவு அலுவலகத்து அதிகாரி ஒருவர்தான், அவரும் பாதிப் பெயரை விழுங்கிவிட்டார். எனக்கு வேலை வேண்டும் என்பது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. பி.காம். முதல் வகுப்பில் தேறி, கூட்டுறவுச் சங்கத்துக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எனக்குள்ளே இருந்தாள். அவள் இன்னும் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

வங்கி வாசலில் ஜாக்கெட்டைக் கழற்றிக் குணாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். முக்காடு அணிந்த மலாய்ப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு, புதுக் கணக்கு தொடங்கவா என்று மலாயில் வேகமாகக் கேட்டாள், எனக்குப் புது என்கிற சொல் மட்டும்தான் பிடிபட்டது. நேர்காணலுக்கு வந்தவர்களைத்தான் புதியவரா என்று விசாரிக்கிறாள் என்று எண்ணித் தலையாட்டினேன். ஒரு எண் சீட்டு கொடுத்தாள். அடேயப்பா, நேர்காணலுக்கே எண் கொடுத்து எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று மெச்சிக்கொண்டு, பென்சன்காரர்களோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். என் எண் வந்து கவுன்டருக்குப் போய்ச் சான்றிதழ்களை அடுக்கியபோதுதான் அங்கிருந்த சீனப் பையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேர்காணல் மாடியில் நடக்கிறது என்றான். மாடிக்கு ஓடினேன். அங்கே காத்திருந்தவர்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டு, கறுப்புக் காற்சட்டை. நான் மட்டும் வளைகாப்புக்கு வந்தவள் மாதிரி நின்றேன்.

அந்த வரிசையில் ஒரு பெண் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்து, பையிலிருந்து பிஸ்கட்டையும் நீட்டினாள். அவள் பெயர் ரெஜினா. சிம்பாங் பூலாய்க்காரி, ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள், என்னைவிடச் சின்னவள். இது எத்தனையாவது நேர்காணல் என்று தனக்கே மறந்துவிட்டதாகச் சிரித்தபடியே சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வேலைக்குப் போட்டி என்பது அவளுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. எனக்கு உறைத்தது. ஆனாலும் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டேன்.

எனக்கு நேர்காணல் ஒன்றும் புதிதில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி முழுக்கப் பயிற்சி மையம், அங்கே பெஞ்சுக்கு ஐந்து பேராக நெருக்கி உட்கார்ந்து வங்கித் தேர்வுக்குப் படித்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. எழுத்துத் தேர்வில் தேறினால் சென்னை. ஒரு நீளமான அறை, நீளமான மேசை, அதற்குப் பின்னால் கோபமே தொழிலாக நாலு பெரியவர்கள். அவர்கள் முன்னால் தேநீரும் முந்திரியும் இருக்கும், நமக்கு எதிரே ஒன்றும் இருக்காது. உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும். உன் மாவட்டத்தில் என்ன விளைகிறது, உன் ஊருக்கு ஏன் அந்தப் பெயர், ரிசர்வ் வங்கியின் ஆளுநர் யார், பணவீக்கத்தை வரையறு என்று கேள்விகள் சரசரவென்று வரும். ஒருவர் பதிலைக் கேட்காமலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் தெரிந்தால் பிழைத்தோம், தெரியாவிட்டால் "சரி, நீங்க போகலாம்." இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. அதற்குப் பிறகுதான் கூட்டுறவுச் சங்கம், அதற்குப் பிறகு கல்யாணம், அதற்குப் பிறகு விமானம்.

அதனால் ஈப்போ நேர்காணலுக்கும் நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியே படித்தேன். மலேசிய மத்திய வங்கியின் ஆளுநர் பெயர், வட்டி விகிதம், பேராக் மாநிலத்தில் ஈயச் சுரங்கம் எப்போது வந்தது, கிந்தா ஆறு எங்கே ஓடுகிறது, எல்லாம் மனப்பாடம். சமையலறையில் சாம்பார் கொதிக்க, நான் சத்தமாக ஒப்பிக்க, மாமியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அன்று மாடியில் என் முறை வந்தது, உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேர் இருந்தார்கள். திருமதி லிம் என்ற சீன அம்மா, என்சிக் ரஹ்மான் என்ற மலாய்க்காரர் (என்சிக் என்றால் இங்கே திரு), குறிப்பு எடுக்கும் ஒரு இளம்பெண். முந்திரி இல்லை. அதற்குப் பதிலாக, குடிக்க மைலோ வேண்டுமா, காப்பி வேண்டுமா என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். நம்மூர் வளர்ப்பு, முதல் முறை கேட்டால் வேண்டாம் என்றுதானே சொல்லுவோம்? சொன்னேன். இரண்டாவது முறை வற்புறுத்துவார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு அவர்கள் மூன்று பேரும் நிம்மதியாக மைலோ குடித்தார்கள். என் தொண்டை காய்ந்துபோயிற்று.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம், படிப்பு, மதிப்பெண் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். திருமதி லிம் கொஞ்ச நேரம் காத்திருந்தார், இன்னும் வரும் என்று நினைத்திருக்கிறார். பிறகு, கோபமாக வந்த ஒருவரை நீங்கள் சமாளித்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது, ஏனென்றால் இந்தப் பாடம் பயிற்சி மையத்துப் புத்தகத்தில் இருந்தது. "கோபமான வாடிக்கையாளரைக் கையாள ஐந்து வழிகள் உள்ளன" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, ஐந்தையும் விரல்விட்டுச் சொல்லி முடித்தேன். திருமதி லிம் தலையை அசைத்து, புத்தகத்தில் இருப்பது வேண்டாம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்றார். ஐந்து போதவில்லை, ஆறாவது வழி ஒன்றை எதிர்பார்க்கிறார் என்று புரிந்துகொண்டு, ஆறாவதாக ஒன்றை அங்கேயே நானாக உண்டாக்கிச் சொன்னேன். அப்படியும் அவர் முகம் மலரவில்லை. கடைசியில், யாரும் கேட்காமலே, மத்திய வங்கி ஆளுநரின் பெயரையும் சொல்லிவிட்டு எழுந்தேன். என்சிக் ரஹ்மான் மிகவும் பணிவாக நன்றி சொன்னார்.

பத்து நாள் கழித்து, உங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்போம் என்று ஒரு செய்தி வந்தது. பத்திரமாக வைத்துக்கொள்ளத்தானே ஒன்பது வருடமாக என்னை வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. குணா வெளியே போய், எனக்குப் பிடித்த டவ்ஃபூஃபாவை, பாகு ஊற்றிய சோயாக்கட்டிப் பலகாரத்தை, வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். எனக்கு எதுவுமே தெரியாமல் போயிருந்தால் இத்தனை வலி இருந்திருக்காது. கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தோற்றிருந்தேன், எங்கே தப்பு என்பதே பிடிபடவில்லை.

தப்பைப் பிட்டு வைத்தவள் ரெஜினா. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, கோப்பெங் கிளையில். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து நேரே, அன்று வரிசையில் விலாசம் கேட்டு வைத்திருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்குப் பொறாமை இருந்தது, மறைக்கமாட்டேன், ஆனால் வீடு தேடி வந்தவளிடம் எவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடியும்? என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறாவது வழி வரைக்கும் கேட்டுவிட்டு, அவள் கேக்கை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, நீங்க படிச்சது எல்லாம் அவங்க கையில பேப்பர்லயே இருக்குலா. ஆள் எப்படின்னுதான் பாக்குறாங்க. ஒரு கதை சொல்லணும். உங்களுக்கு நடந்தது, நீங்க செஞ்சது."

எனக்கு என்ன நடந்தது, நான் என்ன செய்தேன்? ஒன்பது வருடமாகச் சமைத்தேன், துவைத்தேன், சிவப்பு ஐசிக்கு வரிசையில் நின்றேன். அதையே சொன்னேன். அப்போது சமையலறையிலிருந்து என் மாமியார் பாக்கியம், மீன் கழுவிய கையோடு வந்து நின்றார். அவர் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கல்யாணமான நாளிலிருந்து தோட்டத்தை விற்கும்வரை பால்மரம் வெட்டியவர், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுப்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஒன்னும் செய்யலையா? போன வருசம் திருவிழாவுல லோரி மணியத்த அடக்குனது யாரு, நானா?"

அது ஒரு கதை. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்து, மரங்களைச் சாய்த்து, வரிசை வரிசையாக வீடுகள் கட்டித் தாமான் ஆக்கிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் அந்த வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. வருடா வருடம் திருவிழாவுக்கு, தோட்டத்தில் பிறந்து வளர்ந்து சிதறிப்போன குடும்பங்கள் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கார்களில் வந்து இறங்கும். அன்னதான வரிசையைப் பார்த்துக்கொள்வது சில வருடங்களாக என் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை. முதல் வருடம் அங்கே நடந்த தள்ளுமுள்ளைப் பொறுக்க முடியாமல் நானாகப் போய் நின்றேன், அப்படியே தலையில் விழுந்துவிட்டது. போன வருடம் மழை பிடித்துக்கொண்டது. சோறு வந்த வண்டி சேற்றில் மாட்டித் தாமதம். வந்ததும், பக்கத்துத் தாமானிலிருந்து வந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், அவர்களுக்குத்தான் வீடு பக்கம். கூடாரத்தின் பின்பக்கம் நனைந்துகொண்டு நின்ற கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. மணியம் அண்ணன். தோட்டத்து லோரியை ஓட்டியவர், இப்போது கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆள் வாட்டசாட்டம், குரல் அதற்கு மேல். இந்தக் கோயிலுக்குக் கல்லும் மண்ணும் ஏற்றி வந்தது என் லோரி, நேற்று வந்தவன் எல்லாம் முன்னால் நின்று தின்கிறான், நான் பின்னால் நிற்கணுமா என்று கத்தினார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் கத்தத் தொடங்கினார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் மழையைக் காரணம் காட்டி அலுவலக அறைக்குள் போய்விட்டார்கள்.

நான் சாம்பார் கரண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன். "அண்ணே, நீங்க வந்து நின்னாதான் பந்தி ஒழுங்கா ஓடும். முதல் கரண்டி உங்க கையால விழட்டும்" என்றேன். அவர் என்னை முறைத்தார். பிறகு கரண்டியை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவ்வளவுதான். அவர் நின்ற பிறகு அவருடைய கூட்டம் கத்துமா? முன்னால் நின்ற தாமான்காரர்களுக்கும் அவரே ஊற்றினார், "நல்லா சாப்பிடுங்க" என்று உபசரித்து ஊற்றினார். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டவரும் அவர்தான்.

இதைப் போய் வங்கியில் சொல்லுவதா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் ஒருத்தி தான் செய்ததைத் தானே எடுத்துச் சொன்னால் பெருமையடித்துக்கொள்கிறாள் என்பார்கள். நல்லது நடந்தால் கடவுள் புண்ணியம், பெரியவர்கள் ஆசீர்வாதம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தவிரவும் அது கோயில் வேலை, சோற்று வேலை. கோட்டுப் போட்டவர்களின் முன்னால் சாம்பாரைப் பற்றிப் பேசுவதா? ரெஜினா இதற்கு ஒப்பவில்லை. தான் நேர்காணலில் சொன்னது ஹோட்டலில் தலையணை கேட்டுச் சண்டை போட்ட ஒருவரின் கதைதான் என்றும், சாம்பாரைவிடத் தலையணை எந்த விதத்தில் உசத்தி என்றும் கேட்டாள்.

மறுபடியும் விளம்பரம் வந்தது, மறுபடியும் விண்ணப்பித்தேன், மறுபடியும் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. இந்தச் செய்தியைச் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். துறையூரிலிருந்து என் அம்மா நாள்காட்டித் தாளைப் படம் எடுத்து அனுப்பி, பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம், அந்த நேரத்தில் வாசல் மிதிக்காதே என்றார். மாமியார் அதைக் கேட்டுவிட்டு, அது இந்தியாவுக்கு, இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல், ஒரு மணி நேரம் தள்ளித்தான் பார்க்க வேண்டும், கோயில் குருக்களே சொல்லியிருக்கிறார், பதினொன்றரைக்கு மேல்தான் ராகு என்றார். விடியுமுன்னே மரம் வெட்டப் போன காலத்தில் ராகுவைக் கேட்டுக்கொண்டா போனீர்கள் என்று சீண்டினேன். அதனால்தான் இப்போது பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். என் தம்பி வேறு அங்கிருந்து, இந்திய நேரத்தை மலேசிய நேரமாக்கினால் மதியம் ஒரு மணிக்குத்தான் ராகு வருகிறது என்று கணக்குப் போட்டான். மூன்று ராகுவையும் கூட்டினால் அந்த வெள்ளிக்கிழமையில் எனக்குக் காலை டிபனுக்கு மட்டும்தான் நேரம் இருந்தது. இரண்டு அம்மாக்களும் போனில் நேருக்கு நேர் வாதாடி, கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: பத்தரைக்கு முன்னால் வாசலை மிதித்துவிட வேண்டும், மிதித்துவிட்டால் பிறகு உள்ளே எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் தோஷமில்லை.

ஆக, ரெஜினாவின் கறுப்புக் கோட்டை என் பஞ்சாபி சூட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு, பதினொரு மணி நேர்காணலுக்குப் பத்தேகாலுக்கே போய் நின்றேன். கீழே இருந்த அதே மலாய்ப் பெண் எண் சீட்டை எடுக்கப் போனாள், கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். மாடியில் யாரும் இல்லை. குறிப்பு எடுக்கும் இளம்பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு முன்னால் வர வேண்டியவர் வரவில்லை, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன்னால் எல்லோரையும் பார்த்து முடிக்க வேண்டும், நீங்கள் இப்போதே வர முடியுமா என்று கேட்டாள். வராமல்? கடிகாரத்தைப் பார்த்தேன், பத்தரை ஆகவில்லை. இரண்டு அம்மாக்களும் சேர்ந்து என்னை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளியதாகவே தோன்றியது.

உள்ளே அதே திருமதி லிம், அதே என்சிக் ரஹ்மான். போன முறை வந்தீர்கள் அல்லவா என்று திருமதி லிம் கேட்டார். ஆமாம், ஐந்து வழிகள் சொன்னவள் நான்தான் என்றேன். என்சிக் ரஹ்மான், ஆறு என்று திருத்தினார். மைலோ வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்று உடனே சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் அழைப்பிலேயே ஒன்றை வாங்கிக் குடித்தது அன்றுதான், அந்த மைலோ அவ்வளவு ருசியாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. கோபமாக இருந்த ஒருவரைச் சமாளித்த சம்பவம்.

வாய் தானாகவே "ஐந்து வழிகள்" என்று தொடங்கப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டு, செமோர் பக்கம் ஒரு தோட்டம் இருந்தது, அங்கே ஒரு கோயில் இருக்கிறது என்று தொடங்கினேன். மழை, சேறு, தாமதமான வண்டி, லோரி மணியம், கரண்டி, எல்லாம் வந்தது. என் ஆங்கிலம் துறையூர் ஆங்கிலம்தான், நடுவில் ஈப்போ மலாயும் கலந்தது, ஆனால் எங்கேயும் தடுமாறவில்லை. மணியம் அண்ணன் மாதிரியே குரலை உயர்த்திக்கூடக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது, குறிப்பு எடுத்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். முடித்ததும் திருமதி லிம், கமிட்டி சொல்லித்தான் கரண்டியைக் கொடுத்தீர்களா என்று கேட்டார். கமிட்டி, கடவுள், பெரியவர்கள் எல்லோரும் என் நாக்கு நுனியில் வந்து வரிசையில் நின்றார்கள். "இல்லை. நான்தான் முடிவு செய்தேன். நான்தான் கொடுத்தேன்" என்றேன். சொன்னபின் காது மடல் சூடாகிவிட்டது.

என்சிக் ரஹ்மான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு முதலில் ஒரு தட்டுச் சோறு கொடுத்திருந்தால் வாயை மூடியிருப்பாரே, கரண்டியை எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"அவர் சோற்றுக்காகக் கத்தவில்லை, சார். தான் கட்டிய இடத்தில் தன்னை யாருக்கும் தெரியவில்லையே என்று கத்தினார். சோறு கொடுத்திருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார்."

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எங்கள் கெண்டூரி விருந்திலும் இதே கதைதான், என் மாமா ஒருவர் கல்யாண வீட்டில் ஆட்டிறைச்சி அண்டாவைத் தன்னைக் கேட்காமல் திறந்துவிட்டார்கள் என்று மூன்று வருடம் பேசாமல் இருந்தார் என்றார். திருமதி லிம் விடவில்லை. சீனக் கல்யாணத்தில் ஒரு பெரியப்பாவைத் தவறான மேசையில் உட்கார வைத்துவிட்டதால் வந்த வினையை அவர் எடுத்துவிட்டார். இரண்டு பேரும் மாறி மாறித் தங்கள் சொந்தக்காரர்களின் கோபத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, நேர்காணலுக்கு வந்தவள் நான் நடுவில் உட்கார்ந்து மைலோவை முடித்தேன். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. வேலை கொடுப்பார்களோ மாட்டார்களோ, நான் யார் என்று மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு அது புரிந்துவிட்டது. வெளியே வந்தபோது குணா கீழே வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எப்படி என்று கேட்டார். நன்றாகச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னேன், சொல்வதற்கு எனக்குக் கூச்சமே இல்லை.

அடுத்த வாரம் சந்தையில் கீரை பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வாழ்த்துகள், செமோர் கிளை என்றார்கள். கீரைக்காரச் சீன அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன், பக்கத்தில் வேறு யாரும் இல்லை. அவர் என்ன புரிந்துகொண்டாரோ, ஒரு கட்டு கீரையைச் சும்மா கொடுத்தார். இதைக் கேட்டு மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய தோட்டத்துச் சனங்கள் பாதிப்பேருக்குச் செமோர் கிளையில்தான் கணக்கு இருக்கிறதாம். அவர் கிள்ளானுக்கே போன் போட்டு மணியம் அண்ணனுக்குச் சொல்ல, மணியம் அண்ணன் எனக்குப் போன் போட்டு, "நான் அன்னிக்கு சத்தம் போடலன்னா உனக்கு ஏதுலா இந்த வேலை? எனக்கு ஒரு பிரியாணி பாக்கி இருக்கு" என்றார். ராகுகாலத்துக்குத் தப்பியதால்தான் வேலை என்பதில் இரண்டு அம்மாக்களுக்கும் சந்தேகமே இல்லை, யாருடைய ராகு என்பதில் மட்டும் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. ரெஜினா அவள் அப்பாவோடு வந்தாள், கோயில் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள். இந்தியாக்காரி என்று என்னைச் சொன்ன அதே வாய்கள் "நம்ம தோட்டத்துப் புள்ள பேங்க்ல" என்று சொல்லிக்கொண்டு தட்டை நீட்டின. அதே நேரம் துறையூரில் என் அம்மா தெருவுக்கே லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார், வீடியோ அழைப்பில் எல்லாவற்றையும் காட்டினார். லீவுக்குப் போனால் மலேசியாக்காரி வந்துவிட்டாள் என்று கிண்டல் செய்கிற எதிர்வீட்டு அக்கா, "எங்க பொண்ணு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்வது எனக்குக் கேட்டது. இரண்டு தெருவும் என்னைத் தன்னுடையவள் என்று சொல்லிவிட்டன. துறையூர்த் தெருவில் மட்டும் நான் கையளவு திரைக்குள் இருந்தேன்.

"வாயத் தொற" என்றார் அம்மா, லட்டு ஒன்றைப் பிட்டு, போனுக்கு முன்னால் நீட்டி. அவருக்குக் கண் நிறைந்திருந்தது. ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கை அது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும், சின்ன வயதுப் பழக்கம், என் வாய் தானாகத் திறந்துகொண்டது. திறந்த வாயோடு நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கத்திலிருந்து மாமியார் ஒரு பிடி கேசரியை எடுத்து என் வாயில் போட்டார்.